முதல் பிடிக் கொழுந்தும் குவான்ஸாவும்

அன்று காலை ஒருத்திகூடத் தேயிலைச் செடியில் கை வைக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். கவ்வாத்து வெட்டித் திரும்பத் தழைத்த மலையில் முதன்முதலாகக் கொழுந்து எடுக்கவேண்டிய நாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்ற முறையில் அந்த மலைக்கு நான்தான் பொறுப்பு.

இலங்கை மலைநாட்டில் எங்கள் டயகமப் பக்கத்தில் கவ்வாத்து மலையில் இறங்குமுன் மூன்று கல் நட்டு, சூடம் கொளுத்தி, முதல் பிடிக் கொழுந்தைச் சாமி முன்னால் வைத்து, விளைச்சல் பெருக எல்லோரும் "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் கூடையில் கொழுந்து விழும். தோட்ட நிர்வாகியாகப் புதிதாக வந்திருந்த துரைக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் தராசைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத வயது. பூசையை அந்தியில், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளட்டும், இப்போதே இறங்காவிட்டால் எல்லோருக்கும் அரைப்பேர்தான் என்று சொல்லிவிட்டார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம் போயிற்று.

கங்காணி பாக்கியம் அசையவில்லை. "அந்தியில வச்சா அது மொதக் கொழுந்தா ஐயா? மிச்சக் கொழுந்து" என்றார். பாக்கியத்தின் பிடிவாதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று மட்டும் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.

துரையின் பங்களாவில் தங்கியிருந்த அமெரிக்க ஆசிரியை ஒருவர், கொழுந்து எடுப்பதைப் பார்க்கத் துரையோடு வந்திருந்தார். டெனிஸ் என்று பெயர், கறுப்பினப் பெண்மணி. எல்லோரும் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்குத்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களான தங்களுக்கும் குவான்ஸா என்ற பண்டிகை தொடங்குகிறது என்றார்.

கிறிஸ்மஸின் மிச்சமாக்கும் என்று நான் தலையாட்டி வைத்தேன். அப்படி இல்லையாம். ஆப்பிரிக்காவில் பேசும் சுவாஹிலி மொழியில் முதல் விளைச்சலின் கனிகளை 'மத்துண்டா யா குவான்ஸா' என்பார்களாம். குவான்ஸா என்றால் முதல். அதைத்தான் பண்டிகைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். முதல் விழாவில் ஏழு பிள்ளைகள் ஆளுக்கோர் எழுத்தாக நிற்க ஆசைப்பட்டதால், ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆறு எழுத்தாக இருந்த சொல்லுக்கு இன்னோர் எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள் என்றும் சொல்வார்களாம். பிள்ளைகளுக்காக ஒரு பண்டிகையின் பெயரையே நீட்டியவர்களை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

நான் தமிழில் சொல்லச் சொல்லப் பெண்கள் கிட்டே வந்தார்கள். அது அவங்க பாஷையா என்று பாக்கியம் கேட்டார். கேட்டுச் சொன்னேன். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட தன் முன்னோர் எந்த மொழி பேசினார்கள் என்று டெனிஸுக்குத் தெரியாது. அதனால் ஆப்பிரிக்காவில் பல நாட்டார் பொதுவாகப் பேசும் மொழியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்களாம்.

பாக்கியம் துரையிடம் திரும்பினார்.

"எங்க பாட்டன் பூட்டனையும் கூலி வேலைக்குன்னு கப்பல்லதான் கொண்டாந்தாங்க தொரை. ஆனா இந்தப் பொலி எங்க வாயில மிஞ்சிருச்சு. அரைப்பேரே போடுங்க. நாங்க கும்பிட்டுட்டுத்தான் எறங்குவோம்."

துரை செருப்பைக் கழற்றினார். "கும்பிடுங்க. கண்டாக்கையா, எல்லாருக்கும் முழுப்பேர் போடுங்க" என்றார்.

பாக்கியம் தான் கிள்ளிய முதல் பிடியை டெனிஸின் இரண்டு கைகளிலும் வைத்து, "ஒங்க ஆளுங்களுக்கும் சேத்து வைங்கம்மா" என்றார். டெனிஸ் குனிந்து கல்லின் முன்னால் வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அழுதுகொண்டே சொன்னார்.

தோட்ட வேலைக்கு வரும் இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆட்கள் ஒரு வழக்கத்தை விடமாட்டோம் என்று நின்றால், அதனால் எவ்வளவு நேரம் வீணாகும் என்று உடனே கணக்குப் போடாதீர்கள். டெனிஸின் ஆட்களைப்போல எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள், அப்படி ஒரு வழக்கம் தங்களுக்கும் வேண்டுமென்று, இன்னொரு மொழியில் போய் ஒரு சொல்லைத் தேடி எடுத்து வந்திருக்கிறார்கள்.