முறுக்காத போல்ட்டுகள்

பொய் சொன்னவன் நான். ஃபிலோமினா அக்காவின் பெயரைக் கெடுத்தவன் நான். இரண்டு வருடமாக எவரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று மட்டும் எனக்காகச் சொல்லிவிடாதீர்கள்!

ஜெலுத்தோங்கில் எனக்கு ஒரு பட்டறை. பழைய வண்டிகளின் என்ஜின்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவது தொழில். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணன், தம் அப்பா காலத்துக் காட்டு லாரியைக் கொண்டுவந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் முரட்டு வண்டி. என்ஜினை நான் கட்டினேன். அதன் மேல்மூடியை, நாங்கள் ஹெட் என்போம், இழைத்துச் சமமாக்கிக் கொடுத்தவர் அக்கா. கணவர் இறந்தபின் அவருடைய லேத் பட்டறையைத் தனியாளாக நடத்தியவர். மயிரிழை பிசகாத கை!

புது என்ஜினுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சும்மா ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். பிறகு நன்றாக ஆறவிட்டு, சூட்டில் தளர்ந்த ஹெட்டின் போல்ட்டுகளை இரண்டாம் தடவை முறுக்க வேண்டும். அதற்குப் பின்தான் அதன் பலத்தைச் சோதிக்கலாம். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா?

ஆனால் முத்தையா அண்ணன் நாள் பார்த்திருந்தார்! சனிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன் சோதனை தொடங்கிவிட வேண்டுமாம். நண்பர்கள் பத்துப் பேரோடு வந்து நின்றார். டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சூடேற்றிய என்ஜினோ இன்னும் ஆறவில்லை.

"தம்பி, சீக்கிரம்லா! நல்ல நேரம் முடியப் போவுது. இன்னும் என்ன நோண்டிக்கிட்டு இருக்க?"

"ஆறட்டும் அண்ணே" என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. ஆனால் அத்தனை பேரும் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கும்போது... போல்ட்டுகளை முறுக்காமலே வண்டிச் சாவியைத் திருகிவிட்டேன்.

சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டுக் குதிரைத்திறனை அளக்கும் மேடையில் வண்டி நின்றது. திரையில் எண் ஏற ஏற எல்லாரும் கூவினார்கள். நானும் கூவினேன். மூன்றாம் ஓட்டத்தில் படார் என்று ஒரு சத்தம். வெந்நீர், வெள்ளைப் புகை! நான் அணைப்பதற்குள் ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது.

"ஹெட் வேல யாருகிட்ட குடுத்த?" என்றார் ஒருவர்.

பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான்.

"பொம்பளகிட்டயா குடுத்த? அதான்லா!"

எனக்கு இன்றும் வயிறு எரிவது இதற்குத்தான். "நீ ஒழுங்காக முறுக்கினாயா?" என்று ஒருவராவது கேட்டாரா? எதையாவது அளந்து பார்த்தாரா? என் பொய்யை அவர்களே சமைத்து என் வாயில் ஊட்டினார்கள். இத்தனை வருடம் அக்கா செய்து கொடுத்த என்ஜின்களில் காடு மேடெல்லாம் சுற்றியவர்கள்! வெட்கங்கெட்டவர்கள்... ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கேட்டவர் ஒரே ஒருவர். அக்காதான். அன்று மதியமே வந்து, வளைந்த ஹெட்டைத் தடவிப் பார்த்தார். இழைத்தபோதே கோணலா, சூட்டில் வளைந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முத்தையா அண்ணனும் கூட்டாளிகளும் சுற்றி நின்றார்கள்.

"தம்பி, ஆறுனப்புறம் போல்ட்ட ரெண்டாவது தடவ முறுக்குனல்ல?"

"முறுக்குனேன்க்கா."

என் முகத்தைப் பார்த்தார். நம்பிவிட்டார். ஏன் நம்பினீர்கள் அக்கா? நாலு அறை விட்டிருக்கக் கூடாதா!

"அப்பன்னா தப்பு என்னோடதுதான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

வேறொரு ஹெட்டை வேறொரு பட்டறையில் இழைத்து வாங்கினேன். இம்முறை ஆறவிட்டு முறுக்கினேன். வண்டி சீறிக்கொண்டு ஓடியது. என் முதுகில் தட்டிக்கொடுக்காத ஆள் இல்லை. அக்காவுக்கு வேலை வருவது குறைந்தது. வந்த ஒன்றிரண்டையும் அவரே வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். இப்போது அவருடைய பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

போன வாரம் பாசாரில் காய்கறி வாங்கும்போது அக்காவைப் பார்த்தேன். கண் டாக்டரிடம் போய்விட்டு வருகிறாராம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு தம்பி. அப்ப கைதான் போல. நடுங்குதா, பாத்துச் சொல்லு" என்று வலது கையை என் முன் நீட்டினார்.

ஒரு துளி நடுக்கம் இல்லை.

"லேசா நடுங்குதுக்கா" என்றேன்.