கடல் தண்ணீரும் ஒரு கிரேஃபிஷும்

தேவனாம்பட்டினத்துப் பொன்னுரங்கம் கடலில் பிடிக்காத இறால் கிடையாது. ஆனால் அவரை ஆட்டிப்படைத்ததென்னவோ வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கிடந்த ஒரே ஒரு கிரேஃபிஷ்தான். இறாலுக்கு நண்டுக் கொடுக்கு முளைத்தது போலிருக்கும். நிறமோ அப்பட்டமான நீலம். குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வார்.

அதை வாங்கி வளர்த்தவள் மகள் மோகனப்பிரியா. கூடப் படித்த தமிழ்வேந்தனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் சிதம்பரம் கிளம்பியபோது, இனி உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று இவர் தெருவே கேட்கக் கத்திவிட்டார். தொட்டியை விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். கத்தியவருக்கு மறுநாளே மனசு கேட்கவில்லை. ஆனால் மீசை இருக்கிறதே, அது விடுமா?

நல்லவேளையாக கிரேஃபிஷ் இருந்தது. சாயங்காலமானால் மகள் போன் செய்து, அது சாப்பிட்டதா என்று கேட்பாள். இவரும் வேண்டாவெறுப்பாகச் சொல்வதுபோல, அது கேரட் தின்றதையும் காற்று மோட்டார் குழாயில் ஏறித் தப்பிக்கப் பார்த்ததையும் விலாவாரியாகச் சொல்வார். அப்பனுக்கும் மகளுக்கும் வேறு பேச்சே கிடையாது. அந்தப் பேச்சுக்காகவே அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் அது தீனியைத் தொடவில்லை. இத்தனை காலம் கேன் தண்ணீரில் கிடந்ததால் கடல் ஏக்கம் வந்துவிட்டது என்று பொன்னுரங்கம் தானாகவே முடிவு கட்டி, ஒரு குடம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். அதுவோ நல்ல தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஜீவன். மறுநாள் காலையில் மல்லாந்து கிடந்தது, கால் மட்டும் லேசாக அசைந்தது.

மகளுக்குத்தான் இதன் வைத்தியம் தெரியும். தூக்குவாளியில் கேன் தண்ணீர் ஊற்றி, அதை உள்ளே விட்டு, சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் குழம்புக்கா என்று கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தவள் மோகனப்பிரியா. அவர் வாளியை நீட்டி, கடல் தண்ணீர் ஊற்றிய கதையை ஒளிக்காமல் சொன்னார். அவள் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது செத்துடுச்சுப்பா."

"தெரியும். புதுச்சத்திரம் தாண்டறப்பவே அடங்கிடுச்சி."

"அப்பறம் ஏம்பா இவ்ளோ தூரம் வந்த?"

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது போயிடுச்சின்னா நீ எதுக்கு போன் பண்ணுவ? அதான், நேர்லயே வந்துட்டன்."