இணைச்சீரும் டயஜெடிக் சவுண்டும்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு ஊரில் யார் எப்படி அழுவார்கள் என்பது அத்துப்படி. ஆனால் ஒருவரும் நமக்குப் பத்திரிகை வைப்பதில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரர் படம் பிடிப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். முன்பெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு ஒரே கேள்விதான்: நாங்க அதுல வந்திருக்கோமா? இப்போது எல்லோரும் போனில் சினிமா விமர்சனம் பார்த்துவிட்டு வருகிறார்கள். என்னைப் போல் மவுஸைப் பிடித்துப் பிழைக்கும் மகாஜனங்களே, நான் பட்டதைக் கேளுங்கள்.

நேரேட்டிவ்

நாமக்கல் பக்கத்து மாப்பிள்ளை கவின். பெங்களூரில் வேலை, சனி ஞாயிறுகளில் ஆன்லைனில் சினிமா ரசனை வகுப்பு. அவருடைய கல்யாண வீடியோவின் முதல் பிரதியை அனுப்பினேன். திருத்தம் வந்தது. காட்சிகள் ஓடும் பேசிங் சரியில்லை, டோன் சீராக இல்லை, மோட்டிஃப் என்று எதுவுமே இல்லை. கடைசியாக ஒரு வரி: இணைச்சீர் நேரேட்டிவை நகர்த்தவில்லை, தூக்கிவிடவும்.

நேரேட்டிவ் என்றால் கதையோட்டமாம். இணைச்சீர் என்பது இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்கு உரிய இடம். கூறைப்புடவையின் ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையை அக்காவும் பிடித்து நிற்பார்கள். கவினின் அக்கா மலர்விழி மற்ற நேரமெல்லாம் பந்திக்கும் ஸ்டோர் ரூமுக்கும்தான் ஓடிக்கொண்டிருந்தார். இதை வெட்டினால் அந்தப் பெண் வீடியோவிலேயே இல்லை. அவரோ திருச்செங்கோட்டிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வார். "ஏனுங்கக்கா, வீடியோ ஆயிருச்சுங்களா? எங்க மாமியார் ஊட்டுல எல்லாரும் கேக்கறாங்க. நான் இணைச்சீர்க்காரியாச்சுங்களே!"

மிசான்சென்

கவினோடு மல்லுக்கட்ட வேண்டுமானால் அவர் பாஷை தெரிய வேண்டும். யூடியூபில் படிக்க உட்கார்ந்தேன். வெண்டைக்காய் நறுக்கும்போது, படம் நெடுகத் திரும்பத் திரும்ப வரும் மோட்டிஃப்; குழம்பு கொதிக்கும்போது, சொல்லாமல் உணர்த்தும் சப்டெக்ஸ்ட். மிசான்சென் மட்டும் வாயில் நுழையவே இல்லை. ஃப்ரேமுக்குள் இருக்கும் ஆள், பொருள், வெளிச்சம் எல்லாம் சேர்ந்ததாம் அது. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு இருக்க வேண்டுமாம்.

இணைச்சீர் ஃப்ரேமைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ பரிசு கொடுத்த குக்கர் பெட்டி, கையில் போனோடு குறுக்கே நிற்கும் பெரியப்பா. இவர் என்ன காரணத்தோடு நிற்கிறார் என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏம்புள்ள, அவரத் தள்ளி நிக்கச் சொல்ல நா யாரு? மண்டபமே அவருது!"

பேரலல் எடிட்டிங்

இதற்கிடையில் பஷீர் பாய் மகளின் நிக்காஹ் வேலை வந்தது. படித்த வித்தையை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? பெண் உள்ளறையில் கையெழுத்துப் போடுகிறாள், மாப்பிள்ளை மண்டபத்தில் சம்மதம் சொல்கிறார், இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் அதுதான் பேரலல் எடிட்டிங், பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் ஏறும் என்று வகுப்பே எடுத்துவிட்டேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரிம்மா, ரெண்டு பக்கமும் பிரியாணி பந்தி வந்துடும்ல?"

கேரக்டர் ஆர்க்

துணிந்து கவினை போனில் பிடித்தேன். அக்கா ஒரு முக்கியமான துணைப் பாத்திரம், அந்தப் பாத்திரம் வளர்கிற ஆர்க்கே இணைச்சீர்தான், கூறைப்புடவைதான் நீங்கள் கேட்ட மோட்டிஃப், அது இல்லாவிட்டால் தாலி கட்டும் காட்சிக்கு கான்டெக்ஸ்டே கிடையாது என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். "சூப்பருங்கக்கா, நல்லாப் படிச்சிருக்கீங்க. ஆனா அந்த சீன் இன்னும் லேக்தானுங்க, இழுக்குதுங்க. தூக்கிருங்க."

டயஜெடிக் சவுண்ட்

கோபத்தில் வெட்டத்தான் போனேன். மலர்விழிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்ததும் கை ஓடவில்லை. அன்று காலையில்தான் டயஜெடிக் சவுண்ட் படித்திருந்தேன். நாம் மேலே போடுகிற பாட்டு அல்ல. காட்சிக்குள் இருப்பவர்களுக்கே கேட்கிற சத்தம். இணைச்சீருக்கு மேல் வழக்கம்போல ஒரு நாதஸ்வர டிராக்கைப் போட்டு வைத்திருந்தேன். அதை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை சட்டையில் குத்தியிருந்த மைக்கை மட்டும் ஓடவிட்டேன். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மலர்விழி, உதடு அதிகம் அசையாமல் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். கை நடுங்குது பாரு சாமி, பயப்படாத, நா இந்தப் பக்கம் கெட்டியாப் புடிச்சிருக்கறேன் என்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் கவினுக்கு அனுப்பினேன். என் பங்குக்கு எந்த வார்த்தையும் சேர்க்கவில்லை. சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் சினிமா வார்த்தை ஒன்றுகூட இல்லை. "அக்கா, அத வெட்டாதீங்க. பாட்டும் வேண்டாங்க. எங்கக்கா பேசறது நல்லாக் கேக்கட்டும்."

பேக்ரவுண்ட் மியூசிக்

பென் டிரைவை வாங்க மலர்விழி நேரிலேயே வந்தார். ஹெட்போனை மாட்டி அந்தக் காட்சியைப் போட்டேன். தன் குரலைக் கேட்டதும் கண்ணைத் துடைத்தார். மறுபடி போடச் சொன்னார், மறுபடி துடைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "ஏனுங்கக்கா, தம்பிக்குக் கை நடுங்குச்சுன்னு பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னங்க ஆகறது? மேல சத்தமா ஒரு பாட்டப் போட்டு மூடிருங்க!"

ஆக, இத்தனை வார்த்தைகளைப் படித்து நான் கண்ட பலன், ஒரே கல்யாணத்துக்குத் தம்பிக்கு அக்கா குரலோடு ஒரு வீடியோவும், அக்காவுக்குப் பாட்டோடு ஒரு வீடியோவும் போட்டுக் கொடுத்ததுதான்.