மூக்கர் வீட்டுக்கு வந்த கெட்டில்

அடுப்பு ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டில் கரண்ட் கெட்டிலா? தையல்காரர் ரெடிமேட் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு தன் கடையிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி அல்லவா ஆகிவிடும்! மனைவி அந்தப் பேச்சை எடுத்ததும் மூக்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மூக்கர் என்பது தெரு வைத்த பெயர். மூக்கு பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பார்ப்பதற்கு உங்கள் மூக்கு, என் மூக்கு மாதிரிதான். ஆனால் அது உழைத்துச் சம்பாதித்த மூக்கு. ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கேஸ் கசியுதும்மா, முதல்ல ஜன்னலைத் திறங்க" என்பார். அந்த வீட்டுக்காரர்களுக்கே அதுவரை தெரிந்திருக்காது. பிறகு குனிந்து, டியூபின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோந்துகொண்டே போவார். ஓரிடத்தில் நிற்பார். அங்கே விரலை வைத்தால் விரிசல் இருக்கும். பர்னர் அடைப்பு, கேஸ் பீய்ச்சுகிற ஜெட்டில் அடைப்பு எல்லாம் எவரும் பார்க்கிற வேலை. இந்த மோப்பம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் கல்யாணம், வீடு, இரண்டு பெண்களின் படிப்பு, அவர்களின் கல்யாணம் எல்லாம் நடந்தது.

கல்யாணம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனைவியை அவர் முதன்முதலில் பார்த்ததே அவள் வீட்டு அடுப்பு ரிப்பேருக்குப் போனபோதுதான். ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு மறுபடி மறுபடி போனார். "தீ இன்னும் கொஞ்சம் நீலமா வரணும்" என்பாராம். "தீ நீலமாத்தான் இருந்துச்சு, இவர் மூஞ்சிதான் சிவந்துகிட்டே போச்சு" என்று அவள் இன்றைக்கும் மகள்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. காலைக் காபியை மூக்குக்குக் கீழே பிடித்தார். சூடு மட்டும் வந்தது, வேறொன்றும் வரவில்லை. காபித்தூள் கடைக்காரனைத்தான் திட்டினார். பிறகு சோப்பை மோந்தார், கிரீஸ் துடைத்த துணியை மோந்தார், கடைசியில் நாள் முழுக்க உழைத்துக் கழற்றிப்போட்ட தன் சட்டையையே எடுத்து மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனார். "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர், வீட்டில் வாயே திறக்கவில்லை.

பாடகருக்குத் தொண்டை போனால் ஊரே அழும். அடுப்பு ரிப்பேர்காரருக்கு மூக்கு போனால் யார் அழப்போகிறார்கள்? வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதனால், பிளாஸ்டிக் டப்பாவில் சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பிரஷ்ஷும் ரகசியமாக வேலைப்பைக்குள் ஏறின. தண்ணீரைத் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். சரியான முறையும் அதுதான். ஆனால் அப்படிப் பார்க்கிறவர்களை "மூக்கில்லாதவங்க" என்று இத்தனை வருஷம் கேலி பண்ணின வாயாச்சே! இப்போது ஒவ்வொரு மூட்டுக்கும் திரும்பத் திரும்பத் தடவினார். எந்த வீட்டிலும் தப்பு நடக்கவில்லை. இருந்தாலும் லைட்டரை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டில் நடிப்பு வேறு. காபி கைக்கு வந்ததும் கண்ணை மூடி ஒரு இழுப்பு. "ஆகா, என்ன வாசனை!" என்பார். அவள் சிரித்துக்கொள்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவள் கெட்டில் பேச்சை எடுத்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி அறையில் வேலை. வெளுத்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து வார்டு வார்டாகப் பிரித்து வைக்க வேண்டும். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மூக்கர் மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவள் வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிட்டு, தானே டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்.

"ஒரு கரண்ட் கெட்டில் வாங்கிடலாங்க. டீக்கும் காபிக்கும் பட்டுனு வெந்நீர் கிடைக்கும்" என்றாள்.

"எதுக்கு? நாலு பர்னர் அடுப்பு இருக்கு. நான் பொருத்தின அடுப்பு. ஊர்ல ஒருத்தர் வீட்லயும் அந்த மாதிரி தீ வராது."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். இது பாட்டுக்கு இருக்கட்டும்."

"யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"சிரிச்சா பல்லு சுளுக்காது. வாங்குங்க."

அவள் எதையும் கேட்டு அடம் பிடிக்கிறவள் இல்லை. புடவைகூட "உங்களுக்குப் பிடிச்சத எடுங்க" என்று விட்டுவிடுவாள். இந்தக் கெட்டில் விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஒருநாள் சாயங்காலம், வேண்டாவெறுப்பாக அவள் பின்னால் கடைக்குப் போனார்.

கடையில் ஒரு அலமாரி நிறையக் கெட்டில்கள். விற்பனைக்கு நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூக்கருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கண்ணாடிக் கெட்டிலைத் தள்ளிவிட்டார். "குழாய்ல ஒரு இடி இடிச்சா முடிஞ்சது கதை." ஸ்டீல் கெட்டிலைத் தட்டிப் பார்த்தார். "ஒத்தைத் தகடு. வெளிப்பக்கம் தொட்டா கை வெந்துடும்." இன்னொன்றின் மூடி முழுசாகத் திறக்கவில்லை. "உள்ள கை போகலன்னா எப்படிக் கழுவுறது? உப்புப் படிஞ்சு கிடக்கும்."

மனைவிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. எல்லாக் கெட்டிலுக்கும் ஒரே கேள்விதான்.

"கொதிச்சதும் தானா நின்னுடுமாம்மா?"

"நின்னுடும்மா."

"தண்ணி ஊத்தாம போட்டுட்டா?"

"அப்பவும் நின்னுடும்."

"போட்டுட்டு மறந்து தூங்கிட்டா?"

"யாரு இங்க மறக்கப் போறா?" என்று மூக்கர் எரிந்து விழுந்தார். அவள் அடுத்த கெட்டிலைக் கையில் எடுத்தாள்.

கடைசியாக ஒன்று அவர் கண்ணில் பட்டது. உள்ளே ஸ்டீல், வெளியே பிளாஸ்டிக், வாய் அகலம், கைப்பிடி கனம். மூடியைத் திறந்தார். புது டியூபோ புது வாஷரோ, எது கைக்கு வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பது அவர் பழக்கம். மூக்கு போனாலும் பழக்கம் போகவில்லை. கெட்டிலுக்குள் முகத்தை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். நிமிர்ந்து, கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இதுதான் சாமான்! சிலதெல்லாம் தொறந்தாலே பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். இதுல பாரு, ஒரு சொட்டு வாசனை கிடையாது."

விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் மனைவி கெட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே முகத்தை வைத்து நன்றாக மோந்தாள். "ஆமாங்க, சுத்தமா வாசனையே இல்ல. இதுக்கே பில் போடும்மா" என்றாள்.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு பில் போடப் போனாள். வேறு கலரிலும் இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பாள் என்று மூக்கர் நினைத்துக்கொண்டார். தன் மூக்கின் மானம் தப்பியதில் அவருக்கு ஒரே குஷி. வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கெட்டில் வீட்டில் குடியேறிவிட்டது. காலையில் அவளும் அதில்தான் வெந்நீர் வைத்துக் காபி போட்டாள். தம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பாள். மத்தியானம் அவரும் அதிலேயே டீ போட்டுக்கொண்டார். கொதித்ததும் டக்கென்று தானே நிற்கிறதே, அது அவருக்குப் பிடித்துவிட்டது. வெளியே சொல்வாரா? கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டார்.

ஒரு விடுமுறை நாள். மனைவி மூத்த மகளைப் பார்த்துவரப் போயிருந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர், தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையைக் கொண்டுவந்தார். "உக்காரு தம்பி, டீ சாப்பிட்டுட்டுப் போ" என்று மூக்கர் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டார். பெருமை பிடிபடவில்லை.

தையல்காரர் ஒரு வாய் குடித்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எப்படியோ விழுங்கினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது டீயா, புது பக்கெட்ட அலசின தண்ணியா?"

"உன் நாக்குல கோளாறு."

தையல்காரர் எழுந்து போய்க் கெட்டில் மூடியைத் திறந்தார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். "யப்பா! குடலைப் புரட்டுது. என்னண்ணே, ஊர் வீட்டு நாத்தமெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க, சொந்த வீட்ல இதைக் கோட்டை விட்டுட்டீங்களே!" என்று சிரித்துவிட்டு, தம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குட்டு உடைந்துவிட்டதே என்றுதான் மூக்கர் முதலில் நினைத்தார். ஆனால் தையல்காரருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, விளையாட்டாகத்தான் பேசிவிட்டுப் போனார். அப்பாடா என்று மூச்சுவிடப் போனவருக்கு, அந்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒரு வாய் குடித்ததற்கே அந்த மனுஷன் அப்படி முகம் சுளித்தானே! இவள் தினம் ஒரு தம்ளர் குடிக்கிறாளே! பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் குடிக்கிறாளே! கடையில் முகத்தை உள்ளே விட்டு மோந்தாளே, அவள் மூக்குக்கு என்ன குறை? ஆஸ்பத்திரி மருந்து வாடை ஒட்டியிருக்கிறதென்று வந்ததும் வராததுமாகப் புடவை மாற்றுகிறவள் ஆயிற்றே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் அவள் வந்து பையை மாட்டுவதற்குள் கேட்டுவிட்டார்.

"இந்தக் கெட்டில் நாறுதா?"

"கொஞ்சம். எலுமிச்சம்பழத் தோலு போட்டு ரெண்டு தடவை காய்ச்சி ஊத்தினேன். முன்னைக்கு இப்ப பரவால்ல."

"கடையிலயே நாறிச்சா?"

"நாறிச்சு."

"அப்புறம் எதுக்குடி இல்லைன்னு சொன்ன?"

"அந்தப் பொண்ணு முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

மூக்கர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"அடிப்பிடிச்ச பால்ல போட்ட காபியக் குடிச்சிட்டு, ஆகா என்ன வாசனைன்னீங்களே, அன்னைக்கே." சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "அதுகூட போகட்டும். ஒருநாள் எனக்குத் தலைவலின்னு மத்தியானமே வந்தேனே, ஞாபகம் இருக்கா? கதவத் திறக்குறேன், குப்புனு கேஸு. டீ பொங்கி வழிஞ்சு தீ அணைஞ்சு கிடக்கு. நீங்க பாத்திரத்த இறக்கிட்டு அடுப்ப மூடாம விட்டிருக்கீங்க. அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து டீயக் குடிச்சிகிட்டுப் பேப்பர் படிக்கிறீங்க."

"நீ ஒண்ணும் சொல்லலையே..."

"ஒண்ணும் சொல்லல. அடுப்ப மூடினேன், ஜன்னலத் திறந்தேன். என்னன்னு கேட்டீங்க. புழுக்கமா இருக்குன்னேன். அப்புறம் குளியலறைல போய்த் தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதேன். இன்னொரு டீ போடலாம்னு நீங்க லைட்டரத் தட்டியிருந்தீங்கன்னா?"

கெட்டில் எதற்கு வந்தது என்று இப்போது அவருக்குப் புரிந்தது. கடையில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் புரிந்தன.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே" என்றார் மெதுவாக.

"நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துகிட்டு இருந்தேன்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு டீச்சர். வருஷக்கணக்காக அவரைத் தவிர வேறு யாரையும் அடுப்பில் கைவைக்க விடாதவர். "மூக்கரே, சமையல்கட்டுல கேஸ் வாசம் வருது. உடனே வாங்க."

"சிலிண்டர மூடுங்க. கதவு ஜன்னலெல்லாம் திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை. சும்மா நின்றாள்.

"இன்னொண்ணு டீச்சர். எனக்கு இப்ப வாசனை தெரியறதில்ல. காய்ச்சல்ல போயிடுச்சு. சோப்புத் தண்ணி போட்டுத்தான் பாப்பேன், அதுல தப்பு வராது. உங்களுக்குச் சம்மதம்னா வரேன்."

"ஐயையோ, பாவமே" என்றார் டீச்சர். நல்ல மனுஷி, குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "சின்னப் பசங்க இருக்கிற வீடு பாருங்க... இந்தத் தடவை வேற யாரையாவது வரச் சொல்லிக்கிறேன். நீங்க உடம்பப் பாத்துக்குங்க."

"சரிங்க" என்று போனை வைத்தார். வேலைப்பையை எடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"பாத்தியா, போச்சு" என்றார். "இனிமே ஒவ்வொண்ணாப் போகும். தெருவுக்கே தெரிஞ்சிடும். எல்லாம் போயிடும்."

"போகட்டும்" என்றாள் அவள். "வேலை போகட்டும், பேரு போகட்டும். சாயங்காலம் நான் கதவத் திறந்தா நீங்க உயிரோட உக்காந்திருக்கணும். எனக்கு அது போதும்."

காய்ச்சலில் மூக்கு போனபோது அழாதவர், டாக்டர் கைவிரித்தபோது அழாதவர், இப்போது சின்னப்பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அவள் தடுக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.