பிரதீபா எழுதிய பிழைப் பக்கம்

பிரதீபா போன பங்குனியில் இறந்துபோனாள். எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் பெரிய சம்பவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நெற்றியில் தடவியிருக்கும் தைலத்தின் வாசனைதான் முதலில் வருகிறது.

நெரவியிலிருந்து தினமும் மினிபஸ்ஸில் வருவாள். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவள், அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு வந்தாள். அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "இங்க பஸ்ல உக்காந்து தூங்க எடம் கெடைக்குதே" என்பாள். சிரிக்கமாட்டாள்.

அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடி. முதலாளி லூயி சார். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். எங்கள் ஊர் முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது; அவர்கள் பட்டாளத்தில் வேலை பார்த்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் சங்கம் ஒன்றுக்கும் ஒரு தளம் செய்திருந்தோம். அவர்கள் வருடம் ஒரு தடவை, உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். தளத்தில் பதிந்தால் சங்கம் திரட்டி பிரான்சுக்கு அனுப்பிவிடும்.

ஆரம்பத்தில் தளத்தில் எங்காவது பிழை வந்தால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் கொட்டும். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, தரவுத்தளத்தின் பெயர் என்ன, எல்லாம். சங்கச் செயலாளர் அதைப் படம் பிடித்து அனுப்பி, "திருடனுக்கு வழி எழுதி ஒட்டின மாதிரி இருக்கே?" என்று கேட்டார். சார் அரண்டுபோய் ஒரு அழகான பக்கம் போடச் சொன்னார். கடற்கரைப் படம். மேலே, "மன்னிக்கவும். ஏதோ பிழை நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்."

விவரம் எங்கள் பதிவுக் கோப்புக்குப் போவதாக ஏற்பாடு. போகவில்லை. அழகான பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிற வழியிலேயே விவரம் உதிர்ந்துவிடும். கோப்பில் தேதியும் 'பிழை' என்ற சொல்லும்தான் நிற்கும். பிரதீபா இதைச் சொன்னாள்.

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களாம்மா?" என்றார் சார்.

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? மெதுவாப் பாப்போம்."

சான்று பதியும் கடைசி நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு சுசான் அம்மா வந்தார். சிப்பாயாக இருந்தவரின் விதவை. கையில் விசிறி, கைப்பை, போன். புகார் சொல்ல வரவில்லை. சந்தேகம் கேட்க வந்திருந்தார்.

"சிறிது நேரம் கழிச்சுன்னு போட்டிருக்கீங்களே பாப்பா, அது எவ்வளவு நேரம்?"

பிரதீபாவுக்குப் புரியவில்லை. "எத்தன தடவ பாத்தீங்க மதாம்?"

"மாசம் பூரா பாக்குறேன். காலைல பூசை முடிஞ்சதும் ஒரு தடவ, படுக்கப் போறப்ப ஒரு தடவ. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான். அவசரப்படக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பிரான்சு காரியம்னா மெதுவாத்தானே நடக்கும்?"

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கணினியிலேயே பதியச் சொன்னாள் பிரதீபா. அதில் பிழையின் விவரம் மறையாமல் தெரியும். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு வரிகள் வந்தன. அந்த மின்னஞ்சலில் ஏற்கெனவே ஒருவர் பதிந்திருக்கிறார் என்றன.

"இந்த மெயில் யாரோடது மதாம்?"

"பாட்ரிக்கோடது. கோயில்ல மணியடிக்கிறானே, அவன். எங்க தெரு முழுக்க அவன் மெயில்தான் குடுப்போம். எது வந்தாலும் அவன் வாசிச்சுச் சொல்லிடுவான். நல்ல பையன், அறுவது வயசாவுது."

ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு ஆள் என்ற விதியை வைத்தது நாங்கள்தான். பாட்ரிக் முதலில் தன் சான்றைப் பதிந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த தெரு மொத்தத்துக்கும் கடற்கரைதான் வந்திருக்கிறது.

பிரதீபா தைலத்தை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டாள். பிறகு சாரின் அறைக்குப் போனாள். நானும் போனேன்.

"விதிய எடுத்துடலாம் சார். பக்கத்துலயும் என்ன பிழைன்னு போடணும்."

"விதிய இப்பத் தொட்டா வேற எதாவது ஒடையும். பக்கத்துலயும் போட்டு மறுபடியும் திருடனுக்கு வழி சொல்லவா? இந்த மெயில்ல ஆள் இருக்காருன்னு போட்டா, யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு எவன் வேணாலும் தெரிஞ்சுக்குவான்ல?"

"அந்தத் தெருவுல அது யாருக்கு சார் தெரியாது?"

சார் சிரித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிரதீபா அன்று வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து புதுப் பக்கம் எழுதினாள். உள்விவரம் முழுதும் உதிராமல் எங்கள் கோப்புக்கு வரும்படி செய்தாள். திரையில் மூன்று வரிதான்: "இந்த மின்னஞ்சலை வைத்து உங்கள் சான்றைப் பதிய முடியவில்லை. காத்திருந்தால் சரியாகாது. கீழே உள்ள பிழை எண்ணைக் குறித்துக்கொண்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள்." அந்த எண்ணைச் சொன்னால் கோப்பில் அவரவர் பிழையைத் தேடி எடுத்துவிடலாம். கடற்கரையைத் தூக்கிவிட்டாள்.

பாட்ரிக் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மூன்று நாளும் மாடிப்படியில் கூட்டம். பிரதீபா ஒவ்வொருவருக்கும் தனி மெயில் உண்டாக்கிப் பதிந்துகொடுத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போனாள். கடைசி நாள் சாயங்காலம் பாட்ரிக் கொடுத்த பட்டியலில் ஒருவர் மட்டும் பாக்கி. மக்சிம். மகளைப் பார்க்க பெங்களூர் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. பூட்டும் நேரம் வரை பிரதீபா அடித்துக்கொண்டே இருந்தாள்.

தையில் அவருடைய பென்ஷன் நின்றது. இருமல் வேறு, தனியாள். பிரதீபா அவர் வீட்டுக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். அப்போதே அவள் கண் மஞ்சளாக இருந்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கவும்னு போட்டிருந்துச்சு. சரின்னு மன்னிச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன்" என்றார் மக்சிம்.

"உங்க மேல தப்பு இல்லீங்க. எங்க தப்பு" என்று சொல்லி, என்ன நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மெயில், விதி, உதிர்ந்துபோன விவரம், எல்லாவற்றையும். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "இவ்வளவுதானா? நான் செத்துட்டேன்னு யாரோ எழுதிப் போட்டுட்டாங்கன்னுல நெனச்சேன்" என்றார். மறுபடி பென்ஷன் வர எங்கெங்கே எழுத வேண்டுமோ அங்கெல்லாம் அவளே எழுதினாள்.

காமாலை இல்லை, கணையத்தில் புற்று என்று மாசியில் சொன்னார்கள்.

சித்திரையில் மக்சிமுக்குப் பென்ஷன் வந்தது. அதைச் சொல்ல, தன் மெலிந்த காலை ஒவ்வொரு படியாக எடுத்துவைத்து மேலே வந்தார். "பாப்பா எங்க?" என்றார். சார் எழுந்து, "உடம்பு சரியில்லாம..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மக்சிம் என்னைப் பார்த்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். என்ன நோய், எப்போது தெரிந்தது, புதுச்சேரியில் என்ன செய்து பார்த்தார்கள், கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.