குறை எதுவும் காணப்படவில்லை

போன வாரம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது ஒரு கருகல் வாடை வந்தது. எங்கள் சிவகாசிப் பக்கத்தில் கருகல் வாடை வந்தால் ஜனங்கள் முதலில் நாலடி ஓடுவார்கள்; எங்கே என்று பிறகுதான் கேட்பார்கள். நானும் ஓடினேன். பட்டாசு இல்லை. வேகத்தடையில் ஏற முடியாமல் ஒரு பழைய குட்டிக் கார் முக்கிக்கொண்டிருந்தது. தேய்ந்த கிளச்சின் வாடை அது. உங்களுக்கு மல்லிகை வாசத்தில் யாராவது ஞாபகம் வரலாம். எனக்கு இந்த வாடையில் என் முதல் உத்தியோகம்தான் ஞாபகம் வருகிறது.

விருதுநகரில், சூலக்கரைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் 'சர்வீஸ் அட்வைசர்'. பெயர்தான் பெரிது. வண்டிக்காரர் சொல்கிற குறையைக் காலையில் ஜாப் கார்டில் எழுத வேண்டும். மாலையில் அதற்கு எதிரே 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி வண்டியைத் திருப்பித் தர வேண்டும். எழுதி எழுதி என் கையெழுத்து அழகாகிவிட்டது.

அப்போதுதான் அந்தக் குட்டிக் காரின் இரண்டாம் தலைமுறை வந்திருந்தது. முதல் தலைமுறை ஒரு தகரப் பெட்டி. உருண்டை விளக்கு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை என்பதால் கெடாமல் ஓடியது. புதியதில் விளக்குகளைக் கோபக்காரன் கண்போல மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். முன்பக்கம் பல்லைக் காட்டியது. டேஷ்போர்டில் ஒரு வெள்ளிக் கோடு. ஸ்டெப்னி டயர் மட்டும் பட்டினி கிடந்ததுபோல மெலிந்துவிட்டது. மறுவருஷம் வெள்ளிக் கோட்டைக் கறுப்பாக்கி, 'புத்தம் புதிய தோற்றம்' என்றார்கள். மழை பெய்தால் பின்கதவு ஒழுகும். அது மட்டும் பழைய தோற்றத்திலேயே தொடர்ந்தது.

ஒரு மாற்றத்தை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். கிளச் மிதி இல்லாத மாடல் ஒன்று வந்தது. வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும்.

அதை வாங்கியவர்களில் ஒருவர் மாரித்தாய். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். பெற்றவர்கள் காட்டுவேலைக்குப் போனவர்கள். அந்தத் தெருவுக்கே முதல் கார் அது. கணவர் தங்கப்பாண்டி லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் இடது கால் விறைத்துப்போய்ப் பல வருஷம் வீட்டோடு கிடந்தவர், இந்தக் காரில்தான் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் முன்பக்க ஷோரூமில் வண்டியை எடுக்க வந்த அன்று, சீட்டில் உட்கார்ந்ததும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதை நான் பார்த்தேன்.

நாலாவது மாதம் இருவரும் வந்தார்கள்.

"நல்ல வெயில்ல, ஏ.சி. போட்டு, நின்னு நின்னு போனா கியரு தானா விட்டுருது தம்பி. எஞ்சின்தான் கத்துது, வண்டி நகர மாட்டேங்கு," என்றார் தங்கப்பாண்டி.

எழுதிக்கொண்டேன். மெக்கானிக் மறுநாள் விடியற்காலைக் குளிர்ச்சியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். குறை எதுவும் காணப்படவில்லை. இன்னும் இரண்டு முறை வந்தார்கள். கடைசி முறை, மேனேஜர் சொல்லச் சொல்ல நான் கூடுதலாக ஒரு வரி எழுதினேன்: 'ஓட்டுபவரின் கால் பழக்கம் காரணமாக இருக்கலாம்.'

அதே வாரம், கரிசல்காட்டில் கண்ணுக்கெட்டிய மட்டும் நிலம் வைத்திருந்த ஒரு பெரிய வீட்டுக்காரர், அதே மாடலோடும் அதே குறையோடும் வந்தார். மேனேஜர் எழுந்து நின்றார். மோர் வந்தது. மறுநாளே மதுரையிலிருந்து கியர் மாற்றும் பாகமும் வந்தது. அவருடைய கால் பழக்கத்தை யாரும் விசாரிக்கவில்லை.

எங்கள் மெக்கானிக்கின் மனைவிக்கு மாரித்தாய்தான் போர்மேன். செய்தி போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த நாள் உச்சிவெயிலில் கணவரோடு வந்து, ஜாப் கார்டை என் மேஜையில் வைத்தார்.

"இது யாரு எழுத்து தம்பி?"

"என்னதுதான்க்கா."

"இருவது வருசம் லாரி ஓட்டுன காலு. அதுல என்ன பழக்கத்தக் கண்டீக?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சார், நல்ல பழக்கம் உள்ளவுக நீங்க ஓட்டுங்க. சிவகாசி வரைக்கும் போயிட்டு வருவோம். வழியில வண்டி நிக்கலேன்னா இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மேனேஜர் சாவியை எடுத்திருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் தங்கப்பாண்டி, பின்னால் மாரித்தாயும் நானும். சிவகாசிக்குள் தீபாவளி லோடு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். "பாத்தீங்களா, எவ்ளோ ஸ்மூத்தா போகுது," என்று மேனேஜர் சொன்ன இடம் ரயில்வே கேட். தண்டவாளத்தின் மேல் ஏறியதும் கியர் விட்டுவிட்டது.

அவர் மிதித்தார். எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. கேட்கீப்பர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஏலே, வண்டிய எடுங்கலே! ரயிலு வருது!"

மேனேஜர் கதவைத் திறந்து பாய்ந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு முன்பே நான் இறங்கியிருந்தேன். தங்கப்பாண்டியால் சட்டென்று இறங்க முடியாது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளு மாரி," என்றார், பதற்றமே இல்லாமல். மாரித்தாய் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். பின்னால் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து நாலு பேர் குதித்து வந்தார்கள். அப்புறம்தான் எனக்குக் கூச்சம் வந்து, நானும் கையை வைத்தேன். வண்டி தண்டவாளத்தைக் கடந்தது. கேட் மூடியது. வந்தது ஒற்றை எஞ்சின், பெட்டிகூட இல்லை.

மாரித்தாய் மூச்சு வாங்கியபடி பேனாவை நீட்டினார். "இப்ப எழுதுங்க தம்பி."

கார் பானட்டின் மேல் ஜாப் கார்டை வைத்து, அந்தக் கால் பழக்க வரியை அடித்துவிட்டு, 'குறை காணப்பட்டது' என்று எழுதினேன். சூடான தகரம் உள்ளங்கையைச் சுட்டது. பாகம் மாற்றப்பட்டது. அதன்பின் அந்த வண்டி எங்கும் நின்றதாகக் கேள்விப்படவில்லை. மன்னிப்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை, நான் உள்பட.

அடுத்த வருஷம் விளக்கை இன்னும் மெலிதாக்கி, பல்லை இன்னும் அகலமாக்கி, மறுபடி 'புத்தம் புதிய தோற்றம்' வந்தது. பாகங்களின் பட்டியலில் அந்தக் கியர் பாகத்துக்கு மட்டும் சத்தமில்லாமல் வேறு எண் போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தத் தலைமுறையே இப்போது தயாரிப்பில் இல்லை. சர்வீஸ் சென்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். புதிய சர்வீஸ் சென்டரில் வண்டியை வாசலிலேயே வாங்கி உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். குறையை போனில் கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்து தொட்டுச் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத குறை வண்டிக்கு வரக்கூடாது. நாங்கள் பொய் எழுதினோம், உண்மைதான். ஆனால் எழுதியது யார் என்று கேட்டு வந்தால், மேஜைக்குப் பின்னால் விழித்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான்.