கீறாத கோழித் தொடை

அம்மா கோழித் தொடையைக் கீறாமல் மசாலா தடவியது என் நினைவில் ஒரே ஒரு நாள்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மலேசியாவில், பொந்தியானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம்.

அப்பாவும் பெரியப்பாவும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. தாத்தாவின் கருமாதி அன்று ஏதோ வார்த்தை முற்றிவிட்டதாம். பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். எதிரெதிரே வந்துவிட்டால் இருவருக்கும் திடீரென்று சட்டைப் பொத்தானில் வேலை வந்துவிடும்.

அந்த மாதக் கடைசியில் பெரியப்பா குடும்பத்தோடு தூரத்தில் இருக்கும் மெர்சிங்குக்கு மாறிப் போவதாக இருந்தது. இப்படியே போய்விட்டால் பிறகு ஒட்டவே ஒட்டாது என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கோழி சுடுவது என்று முடிவானது.

அம்மா அப்பாவை அடுப்புப் பக்கம் அண்டவிடமாட்டார். அன்றைக்கு மட்டும், சுடுவதெல்லாம் ஆண்கள் வேலை என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் அம்மா தொடைகளை முழுசாக மசாலாவில் போடுவதைப் பார்த்து, "கீறலையாம்மா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். அது எனக்கு எப்போதும் சுலபமான வேலை.

பெரியப்பா வந்து, ரம்புத்தான் மரத்தடியில் நெருப்புக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஒரு காலத்தில், குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்கும் சாத்தே கடையில் கரி விசிறியவர் அவர். அப்பா லாரி ஓட்டுபவர். பாதியாக அறுத்த பீப்பாயில் கரியைக் கொட்டி, மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பற்றவைத்தார். தீ ஆளுயரம் எரியும்போதே தொடைகளைக் கம்பி வலையில் அடுக்கினார். பத்தே நிமிடத்தில் கோழி லாரி டயர் நிறத்துக்கு வந்தது. ஆயிற்று என்றார்.

தான் பார்க்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லி, அம்மா ஒரு தொடையைப் பிய்த்தார். எலும்போரம் ரத்தச் சிவப்பு. அப்பாவிடம் காட்டுவார் என்று நினைத்தேன். தட்டை என் கையில் கொடுத்து, வெந்திருக்கிறதா என்று பெரியப்பாவிடம் கேட்டு வரச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்தப் பத்தடி தூரம் நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தட்டை மட்டும் நீட்டினேன். பெரியப்பா கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து நெருப்பிடம் போனார்.

"தம்பி, கொழுந்து அடங்கட்டும்டா. கரி வெள்ளையா பூத்த பிறகுதான் வைக்கணும். இது லாரி இல்ல, வேகமா போக."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"நீ கேட்டியாலா?"

அப்பா இடுக்கியைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

பெரியப்பா கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, அனல் குறைந்த பக்கத்தில் தொடைகளை வைத்துத் தகரத்தால் மூடினார். வெந்ததை எடுத்து வைக்க அப்பா பழைய தட்டையே கொண்டுவந்தபோது, பச்சைக் கோழி இருந்த தட்டு வேண்டாம் என்று வேறு கேட்டு வாங்கினார். இரண்டாம் முறை பிய்த்தபோது எலும்போரம் வெள்ளையாக இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் எடுத்துத் தின்றார்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்கு நாங்கள் பேருந்தில் மெர்சிங் போனோம்.

அன்று சாப்பிடும்போது பெரியப்பா, இவ்வளவு பெரிய தொடையைக் கீறாமல் யார் மசாலா போட்டது, உள்ளே எப்படிச் சீக்கிரம் வேகும் என்று கேட்டார்.

"மறந்துட்டேன்" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் நான்தான் நினைவுபடுத்தியிருந்தேனே. அம்மாவும் பொய் சொல்லுவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். திட்டுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்து, அவரைக் காட்டிக்கொடுக்காமல் தலை குனிந்து கோழியைத் தின்றேன்.